நரிக்கும் ஒரு துண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தில் கால்வே நகரில் செவிலியாக வேலை பார்க்கிறேன். இங்கே வந்த பிறகு, பழங்கால கெல்டிக் பூசாரிகளான ட்ரூயிட்களின் வழிபாட்டில் ஈடுபாடு வந்தது. அமாவாசைதோறும் காரில் நாற்பது கிலோமீட்டர் போய், ஒரு காட்டில் ஓக் மரத்தடியில் ஒரு லிட்டர் பாலும் ஒரு பாட்டில் தேனும் ஊற்றுகிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்காக ஒரு புனிதக் கிணற்றருகே ஹாதார்ன் மரத்தில் சாட்டின் ரிப்பன் கட்டியிருக்கிறேன். போன அக்டோபர் 31, சவின் பண்டிகை இரவில் நண்பர்களோடு ஒரு பழைய கல்லறைக்குள் மெழுகுவிளக்கு ஏற்றினோம். பிறந்த தேதிப்படி என் மரம் ரோவன். இதெல்லாம் நேற்று கட்டிவிட்ட கதை என்கிறார் என் கணவர். உண்மையிலேயே இது பழையதா? எந்த அமைப்பின் பயிற்சியில் சேரலாம்? வாடகை வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பும் புகை அலாரமும்தான் இருக்கின்றன, அடுப்புத்தீயை எப்படிக் காப்பது? வெளியாளான நான் இதைச் செய்யலாமா?

ர., கால்வே

அன்புள்ள ர.,

காணிக்கையைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஒரு லிட்டர் பால் அதைக் கிளறிவிட்டது. கேள்விகளை ஓட்டமாகத் தாண்டிப்போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. ட்ரூயிட்கள் தங்கள் கையால் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ரோமர்களான சீசரும் பிளினியும் எழுதியது வெளியிலிருந்து பார்த்தவர்களின் குறிப்பு, அதுவும் பெரும்பாலும் 'கால்' (Gaul) என்ற இன்றைய பிரான்ஸ் பகுதியைப் பற்றியது. அயர்லாந்துக் கதைகளில் வரும் ட்ரூயிட்களை எழுத்தில் கொண்டுவந்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் ட்ரூயிட்கள் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. இன்றைய சடங்குகளில் கணிசமானவை இயோலோ மார்கானக் என்ற வேல்ஸ் கல்தச்சரின் கைவேலை. 1792-ல் லண்டன் பிரிம்ரோஸ் மலையில் கூட்டம் கூட்டியவர் அவர். ஏடுகளையும் தானே எழுதி, பழையவை என்று சொன்னவர். வருடத்துக்கு எட்டு பண்டிகை என்ற சக்கரம் இருபதாம் நூற்றாண்டில் கோத்தது. அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் கேலிக் மரபில் உறுதியாக உள்ளவை நான்கு: சவின், இம்போல்க், பெல்டேன், லூனசா. ரோவன் மரம் என்கிறீர்களே, அந்த மரநாள்காட்டி 1948-ல் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞரின் கற்பனையிலிருந்து வந்தது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து பொறித்த கற்களைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'இன்னாரின் மகன் இன்னார்' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. அந்த ராசிபலனை இன்றே தூக்கிப் போடுங்கள்.

எந்த அமைப்பு என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. 1964-ல் இங்கிலாந்தில் தொடங்கியது ஒன்று, 1983-ல் அமெரிக்காவில் தொடங்கியது ஒன்று. இரண்டிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ட்ரூயிட் என்பது ஒரு பதவி. இருபது ஆண்டு வரை படித்தார்கள், வழக்குத் தீர்த்தார்கள், வரி கட்டவில்லை என்கிறார் சீசர். மாடு வளர்த்தவளும் மீன் பிடித்தவனும் ட்ரூயிட் அல்ல, அவர்களுக்கும் தெய்வங்கள் இருந்தன. இன்றுவரை வந்து சேர்ந்திருப்பது அந்த வீட்டுக்காரர்களின் வழிபாடுதான். ட்ரூயிட்களின் வெள்ளை அங்கி மீதுள்ள ஆசையில் அதை மிதித்துக்கொண்டு போகிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவைப் பற்றி மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர் 1703-ல் அச்சிட்ட குறிப்பு இருக்கிறது. சவின் காலத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று முளைகட்டிய பார்லி சேர்த்து பீர் காய்ச்சுவார்கள். இரவில் ஒருவன் கோப்பையோடு இடுப்பளவுக் கடலில் இறங்கி, ஷோனி என்ற கடல்தெய்வத்தைக் கூப்பிடுவான். 'ஷோனி, இந்தக் கோப்பையை உனக்குத் தருகிறேன், வரும் ஆண்டு எங்கள் நிலத்துக்கு உரமாக நிறையக் கடற்பாசி அனுப்பிவை' என்று உரக்கச் சொல்லி ஊற்றுவான். பிறகு எல்லாரும் தேவாலயத்துக்குப் போவார்கள். பலிபீடத்தில் எரியும் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, வயலில் விடிய விடியக் குடியும் கூத்தும். தருவது இன்னது, பெறுபவர் இன்னார், பதிலுக்கு வேண்டியது இன்னது. ஒளிவுமறைவே இல்லை. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவே உள்ள மான் (Man) தீவில் இன்னும் வெளிப்படை. கடல்தெய்வம் மனனானுக்கு மத்தியகோடை நாளுக்கு முந்தின மாலையில் பரூல் மலைக்கு ஒரு கட்டுப் புல் சுமந்துபோய் வைத்தார்கள், நிலவாடகையாக. இப்போதும் ஜூலை 5-ல் அத்தீவின் சட்டசபையான டின்வால்ட் கூடும்போது ஊர்வலப் பாதையில் கோரைப்புல் பரப்புகிறார்கள்.

வாடகை கட்டுகிறவர் தான் குடியிருக்கும் இடத்துக்குத்தான் கட்டுவார். நீங்கள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி யார் வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? கொரிப் ஆற்றின் கரையில் குடியிருக்கிறீர்கள், அதன் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், அது பெருகினால் உங்கள் தெரு நனையும். அந்த ஆற்றுக்கு நீங்கள் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

கொடுக்கும் பொருளிலும் தவறு. தேனை வெளியில் ஊற்றவே கூடாது. கடையில் வாங்கும் தேனில் அமெரிக்கன் ஃபவுல்பிரூட் என்ற நோயின் வித்துகள் இருக்கக்கூடும். பல ஆண்டுகள் சாகாமல் கிடப்பவை அவை. தேனீ அதை எடுத்துப்போய்ப் புழுக்களுக்கு ஊட்டும், புழுக்கள் அழுகிச் சாகும். நோய் கண்ட கூட்டை எரிப்பதுதான் வழக்கம். ஒரு லிட்டர் பால் மரத்தடியில் புளித்து எலியைக் கூப்பிடும், ஓடையில் கலந்தால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்று மீனைக் கொல்லும். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் மாட்டுக்காவல் தெய்வத்துக்குக் குழிவான கல்லில் பால் விட்டார்கள், உண்மை. அது அன்று கறந்ததில் கொஞ்சம். உங்களுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், அதுவும் மண்ணில். கல்லறைக்குள் மெழுகு ஏற்றியதைப் படித்தபோது கையில் கிடைத்ததை எறியலாம் போலிருந்தது. மெழுகு கல்லின் துளைக்குள் இறங்கினால் எடுக்க முடியாது, கரி படியும், சூட்டில் மேல்தோல் செதில் செதிலாகப் பெயரும். ஐயாயிரம் ஆண்டு நின்ற கல், அம்மா!

இனி பெல்டேன், கோடையை வரவேற்கும் பண்டிகை. ஏப்ரல் 30 சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும், உங்கள் ஊரில் இரவு ஒன்பது மணிவாக்கில். தாமஸ் பென்னன்ட் 1769-ல் ஸ்காட்லாந்தில் பயணம் செய்தபோது குறித்துவைத்த சடங்கைச் செய்யுங்கள். கால்வே வழக்கம் அல்ல, உறவுமுறைதான். மேய்ப்பர்கள் தரையில் சதுரமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் புல்தரையை விட்டு, அதன்மேல் தீ மூட்டினார்கள். முட்டை, வெண்ணெய், ஓட்ஸ்மாவு, பால் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் ஏதாவது கொண்டுவந்தாக வேண்டும். முதலில் கஞ்சியில் கொஞ்சம் மண்ணுக்கு. பிறகு ஆளுக்கொரு ஓட்ஸ் ரொட்டி, அதில் சதுரமாக ஒன்பது குமிழ்கள். தீயைப் பார்த்து நின்று, ஒவ்வொரு குமிழாகப் பிய்த்துத் தோளுக்குப் பின்னால் எறிவார்கள். 'இது உனக்கு, என் குதிரைகளைக் காப்பாற்று. இது உனக்கு, என் ஆடுகளைக் காப்பாற்று.' அதோடு முடியவில்லை. 'நரியே, இது உனக்கு, என் குட்டிகளை விட்டுவிடு. காகமே, இது உனக்கு. கழுகே, இது உனக்கு.'

திரும்பத் திரும்ப நான் சொல்ல விரும்புவது இந்த இரண்டாம் பாதியை. இன்றைய கூட்டங்களில் வெளிச்சத்துக்கும் அன்புக்கும் அன்னை பூமிக்கும் கொடுக்கிறார்கள், நரிக்கு யாரும் கொடுப்பதில்லை. கெடுதல் செய்பவனுக்கும் பங்கு உண்டு, அவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச வேண்டும். காவல் கேட்பதற்கு ஐந்து குமிழ் வையுங்கள்: உங்கள் முதுகு, கைகள், இரவுப்பணி முடிந்து வரும் சாலை, அம்மாவின் முழங்கால், கணவர். மீதி நான்கு கெடுப்பவர்களுக்கு: குளியலறைச் சுவரின் கறுப்புப் பூஞ்சை, வார்டில் சுற்றும் காய்ச்சல், அட்லாண்டிக் புயல், வெள்ளம் வரும்போது கொரிப். பென்னன்ட் சொன்ன சாம்பல்முதுகுக் காகம் உங்கள் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருக்கும், வேண்டுமானால் அதற்கும் ஒன்று.

ரொட்டிக்கு 225 கிராம் ஓட்ஸ்மாவு. கஞ்சிக்கான ஓட்ஸ் அவல் வேண்டாம், அது பிடிக்காது, உதிர்ந்துவிடும். கால் தேக்கரண்டி உப்பு, அதே அளவு சமையல் சோடா, ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், 150 மில்லிக்குள் முடிந்துவிடும். சூடு ஆறுவதற்குள் பிசைந்து இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஆறினால் ஓரம் வெடிக்கும். அரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, மேலே ஒன்பது குமிழ் கிள்ளி எழுப்புங்கள். உயரமாக வைத்தால் உள்ளே மாவாகவே நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றிக் கத்தியால் கீறிவிடாவிட்டால் பிய்க்கும்போது ரொட்டியே இரண்டாகும். இரும்புத் தோசைக்கல் உங்கள் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யும். சிறு தீயில் அடிப்பக்கம் வெந்து விறைத்ததும் க்ரில்லுக்கு அடியில் வைத்து மேல்பக்கத்தைக் காயவையுங்கள். குமிழ் இருப்பதால் திருப்பிப் போட முடியாது. மலையில் தீ மூட்ட வேண்டாம், அந்த மாதங்களில் கோர்ஸ் புதர் பற்றிக்கொள்ளும். மேசையில் கண்ணாடிக்கூட்டுக்குள் ஒரு விளக்கு போதும். அதைப் பார்த்துச் சொல்லிப் பிய்த்து எடுத்துவைத்த குமிழ்களை மறுநாள் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் எறியுங்கள். பால்கனியிலிருந்து எறிந்து கீழ்வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நம்பிக்கை இல்லாவிட்டாலும் உங்கள் கணவர் வெண்ணெய் வாங்கிவரட்டும்.

மே 1 காலையில் யார் கேட்டாலும் பால், வெண்ணெய், நெருப்பு மூன்றையும் வீட்டைவிட்டு வெளியே கொடுக்காதீர்கள். ஆண்டின் அதிர்ஷ்டம் கூடவே போய்விடும் என்பது அயர்லாந்து வீடுகளின் வழக்கம். முந்தின மாலையே வாசற்படியில் மஞ்சள் பூக்கள்.

அடுப்புத்தீ கேட்டிருந்தீர்கள். அலெக்சாண்டர் கார்மைக்கேல் ஹெப்ரிடீஸில் சேகரித்துப் பதிவு செய்த முறை: கங்குகளை வட்டமாகப் பரப்பி, நடுவில் சிறு குவியல் விட்டு, வட்டத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். பிரிவுகளுக்கு இடையே ஒவ்வொரு பீட் கட்டி (விறகுபோல எரிக்கும் காய்ந்த சதுப்புநில மண்கட்டி), முனை நடுக்குவியலைத் தொட வேண்டும். முதலாவது உயிரின் கடவுள் பெயரால், இரண்டாவது அமைதியின் கடவுள் பெயரால், மூன்றாவது அருளின் கடவுள் பெயரால். பிறகு தீ அணையாமல் அடங்கும் அளவுக்குச் சாம்பல். உங்களுக்குக் கங்கு இல்லை. இரவில் கடைசியாக அடுப்பை அணைத்துத் துடைப்பதையே அந்தச் சொற்களோடு செய்யுங்கள், மூன்று முறை துடைக்கலாம். தூங்கும்போது மெழுகுவர்த்தி எரியக் கூடாது, ஜூனிப்பர் செடியைக் கொளுத்திப் புகை போடுவதும் அலாரத்துக்கு ஆகாது. அந்தச் சொற்களில் இருப்பது கிறிஸ்தவத் திரித்துவம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மூன்று தேவியரை ஒட்டவைத்து 'ஆதி மந்திரம்' என்று சொல்லித்திரிபவர்களோடு சேராதீர்கள். அந்தச் சொற்களை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஜெபமாலை உருட்டிய பாட்டிகள்.

வெளியாள் என்று தயங்க வேண்டாம். குடியிருப்பவர் வாடகை கட்டலாம். ஐரிஷ் கற்றுக்கொள்ளுங்கள், அது பேசும் கானமாரா உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் ஐயாயிரம் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிய நோட்டுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கிணறு இருக்கும் ஊரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எந்த நாளில் போவது, வலமாக எத்தனை சுற்று, எந்த வலிக்கு என்ன என்றெல்லாம் யாராவது ஒரு பிள்ளை எழுதிவைத்திருக்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. மரத்தில் கட்டும் துணி மக்க வேண்டும், துணி மக்க மக்க நோய் தேயும் என்பதுதான் கணக்கு. உங்கள் சாட்டின் பாலியஸ்டர், உங்கள் அம்மா காலத்தில் மக்காது. கிளை பருக்கப் பருக்க அது பட்டைக்குள் இறுகி, இலையிலிருந்து இறங்கும் சத்தை வெட்டிவிடும், கிளை காய்ந்துபோகும். இந்த வார விடுமுறையில் கத்தரிக்கோலோடு போய் அதை வெட்டி எடுங்கள். அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் விரலகலம் ஒரு துண்டைத் தபாலில் வரவழைத்து, கிணற்று நீரில் நனைத்து, ஒரு சுற்று மட்டும் தளர்வாகக் கட்டிவிட்டு வாருங்கள். அடுத்த கடிதத்தை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.