எந்த ஊர் என்று தெரியாமல் கொரியா போகலாமா? – வாசகி கடிதம்

அன்புள்ள அக்கா,

நீங்கள் கொரியாவில் ஆங்கிலம் படிப்பித்த நாட்களைப் பற்றி எழுதியவற்றைப் படித்துத்தான், கொரிய அரசுப் பாடசாலைகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கிற எபிக் திட்டத்துக்கு நானும் விண்ணப்பித்தேன். நேர்முகம் முடிந்து, பொலிஸ் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அப்போஸ்தில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் உறுதி முத்திரை) எடுத்து அனுப்பினேன். போன கிழமை முடிவு வந்தது. நான் முதல் விருப்பமாகப் பூசானும் அடுத்ததாகத் தேகுவும் போட்டிருந்தேன். கிடைத்தது கியோங்புக் மாகாணம். அதற்குள் எந்த ஊர், சின்னப் பிள்ளைகளா பெரிய பிள்ளைகளா, ஒரு பாடசாலையா மூன்றா, ஒன்றும் சொல்லவில்லை. பெப்ரவரிக் கடைசியில் ஓரியன்டேஷன், அதாவது அறிமுகப் பயிற்சி, முடிகிற நேரத்தில்தான் தெரியவரும் என்கிறார்கள்.

என்னோடு விண்ணப்பித்த தோழிக்கு இன்சியோன் கிடைத்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நகரத்தில் இருக்கலாம் என்று நினைத்திருந்தோம். அம்மா தினமும் "எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்கிறா. மேப்பில் ஒரு புள்ளியைக் காட்டக்கூட முடியவில்லை. நான் மரக்கறிச் சாப்பாட்டுக்காரி, கார் ஓட்டத் தெரியாது. மலைக்குள் ஏதாவது கிராமத்தில் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இதை விட்டுவிட்டு, முகவரியோடு வேலை தருகிற ஒரு ஹாக்வொனில் (தனியார் டியூஷன் நிலையம்) சேர்ந்தால் என்ன? இப்படித் தெரியாமல் கூட்டிக்கொண்டு போவது சரியா?

த., ஸ்காபரோ

அன்புள்ள த.,

உங்களுக்கு நடந்திருப்பது வழக்கமானதுதான். உங்களை யாரும் ஏமாற்றவில்லை, உங்கள் விண்ணப்பத்தில் குறையும் இல்லை. ஆனால் கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, இது சரியா என்று, அதற்கு என் பதில் பாதி ஆம், பாதி இல்லை. முதலில் ஏன் இப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் பயத்தில் பாதி குறையும்.

உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வேலை தருபவர் என்ற இடத்தில் ஒரு பாடசாலையின் பெயர் இருக்காது, மாகாணக் கல்வி அலுவலகம்தான் இருக்கும். 1995-இல் தொடங்கிய எபிக், கல்வி அமைச்சின் கீழ் ஆட்களைத் தெரிவுசெய்து மாகாணங்களுக்கும் பெருநகரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. மாகாணம் தனக்கு வந்தவர்களை உள்ளூர்க் கல்வி அலுவலகங்களுக்குக் கொடுக்கிறது. அவை பாடசாலைகளுக்குக் கொடுக்கின்றன. மூன்று படி. நீங்கள் இப்போது முதல் படியில் நிற்கிறீர்கள்.

கீழ்ப் படிகள் பெப்ரவரிக்கு முன் முடிவதில்லை. கொரியாவில் கல்வியாண்டு மார்ச் 1-இல் தொடங்குகிறது. அரசுப் பாடசாலை ஆசிரியர்களைப் பொதுவாக 5 வருடத்துக்கு மேல் ஒரே பாடசாலையில் இருக்க விடுவதில்லை. அந்த இடமாற்றப் பட்டியல் வருவதே பெப்ரவரியில்தான். அதிபர்களும் மாறுவார்கள். உங்களுக்கு முன்னால் இருந்த வெளிநாட்டு ஆசிரியர் நீடிக்கிறாரா போகிறாரா, வகுப்புகள் எத்தனை, எந்தப் பாடசாலையை எதோடு சேர்த்து ஒருவருக்குக் கொடுப்பது எல்லாம் அதோடு சேர்ந்து ஓடுகிற கணக்கு.

இதை நான் நேரில் பார்த்தது ஓரியன்டேஷனின் கடைசி நாளில். பல்கலைக்கழக வளாகத்தில் பஸ்கள் வரிசையாக நின்றன, கண்ணாடியில் மாகாணப் பெயர்கள். எங்கள் பஸ் போய் நின்ற கல்வி அலுவலக வாசலில், என் பெயரைக் கையால் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அவள்தான் என் கோ-டீச்சர், என்னோடு சேர்ந்து வகுப்பு எடுக்கப்போகிற கொரிய ஆசிரியை. பாடசாலைக்கு அழைத்துப் போனாள். உள்ளே போட செருப்பு எடுத்துத் தந்தாள். வகுப்பறை எங்கே என்று கேட்டேன். நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நானும் இங்கே புதுசு, போன கிழமைதான் உத்தரவு வந்தது" என்றாள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், வீடு வேறு நகரத்தில். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்து ஆங்கில அறையைக் கண்டுபிடித்தோம். அந்த வருடம் முழுக்க எனக்குப் பெரிய துணையாக இருந்தவள் அவள்தான். வெளிநாட்டுக்காரர்களைத்தான் இப்படி அலைக்கழிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாமல் இருப்பது அதனால்தான். அங்கே ஆசிரியர் எல்லோருமே பெப்ரவரியில் இப்படித்தான் காத்திருக்கிறார்கள்.

அதே நேரம், உள்நாட்டு ஆசிரியைக்கு மொழி தெரியும், சொந்தக்காரர் இருக்கிறார்கள், மாற்றம் வந்தாலும் அதே நாட்டுக்குள்தான். பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிற ஒருவருக்குக் குறைந்தது எந்த மாவட்டம் என்றாவது விமானம் ஏறுமுன் சொல்லலாம். பல இடங்களில் அது அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். சில மாகாணங்கள் சொல்லவும் செய்கின்றன. தொடர்ந்து மருந்து எடுப்பவர்களுக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவர்களுக்கும் கடைசி நாளில் சொல்வது அநியாயம். இதை மாற்றச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

உங்கள் தோழி விஷயம் மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் தம்பதிகளுக்குத்தான் ஒன்றாக இடம் கொடுக்கப் பார்ப்பார்கள். தோழிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பூசான் கிடைக்காததும் அதிசயமில்லை. கடலும் மெட்ரோவும் உள்ள நகரம், எல்லோரும் கேட்கிறார்கள். போனவர்கள் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். அதனால் வெற்றிடம் குறைவு. சியோல் 2010-க்குப் பிறகு நடுநிலை, உயர்நிலைப் பாடசாலைகளில் வெளிநாட்டு ஆசிரியர்களை வெகுவாகக் குறைத்துவிட்டது. "பூசான் வாங்கித் தருகிறேன்" என்று எந்த ஏஜென்சி சொன்னாலும் நம்ப வேண்டாம். அவர்கள் கையில் அது இல்லை.

சரி, கியோங்புக். பரப்பளவில் தென் கொரியாவின் மிகப் பெரிய மாகாணம் அது. அதனால்தான் "கியோங்புக் கிடைத்தது" என்ற ஒரு வரியை வைத்து எதையும் சொல்ல முடியாது. நீங்கள் ஆசைப்பட்ட தேகு நகரம் இந்த மாகாணத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது, நிர்வாகம் மட்டும் வேறு. கியோங்சானில் இடம் கிடைத்தால் தேகு மெட்ரோவிலேயே ஏறி நகரத்துக்குப் போகலாம். குமியில் கிடைத்தாலும் கவலை இல்லை. 2024 டிசம்பரில் தொடங்கிய ரயில் குமியையும் தேகுவையும் கியோங்சானையும் ஒரே கோட்டில் இணைக்கிறது. போஹாங் உருக்கு ஆலை நகரம், கடற்கரை உண்டு, சியோலுக்கு நேராகக் கேடிஎக்ஸ் அதிவேக ரயில் உண்டு. கியோங்ஜு பழைய சில்லா அரசின் தலைநகர். ஊருக்கு நடுவிலேயே அரசர்களின் புல் மூடிய சமாதி மேடுகள் இருக்கும். வேலை முடிந்து அந்த மேடுகளுக்கு இடையில் நடந்து வீட்டுக்குப் போகிற வாழ்க்கை எல்லோருக்கும் வாய்க்காது.

நீங்கள் பயப்படுகிற ஊர்களும் இந்த மாகாணத்தில் உண்டு, அதை மறைக்கமாட்டேன். யோங்யாங் மலைக்குள் இருக்கிற மாவட்டம், முழு மாவட்டத்திலும் 20,000-க்கும் குறைவான ஆட்கள். உல்ஜின் கிழக்குக் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே ரயில் ஓடுகிறது. உல்லுங் தீவுக்குக் கப்பல்தான், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆனால் கார் ஓட்டத் தெரியாதவர் என்பதை இப்போதே எழுத்தில் சொல்லிவையுங்கள். உள்ளூர் அலுவலகங்கள் இதைப் பார்க்கும், ஏனென்றால் பஸ் போகாத பாடசாலைக்கு உங்களை அனுப்பினால் தினமும் யாராவது ஏற்றி இறக்க வேண்டும்.

இரண்டு மூன்று பாடசாலை என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள். 2023-இல் கொரியாவின் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72. கிராமப் பாடசாலைகளில் பிள்ளைகள் இல்லை. ஒரு முழுநேர ஆங்கில ஆசிரியரை வைத்துக்கொள்ள அங்கே வகுப்புகள் போதாது. அதனால் ஒருவரைப் பங்கு போடுகிறார்கள். எனக்கும் கிழமையில் இரண்டு நாள் அப்படி ஒரு சின்னப் பாடசாலை இருந்தது. ஆறாம் வகுப்பில் நான்கே பிள்ளைகள். நகரப் பாடசாலையில் இருபத்தைந்து பேருக்கு நடுவில் வாயே திறக்காத பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அங்கே போனால், நான்கு பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முந்தின நாள் தாத்தாவின் வயலில் மிளகாய் பிடுங்கியதை உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை விடமாட்டார்கள். மதியச் சாப்பாடு அதிபர், சமையல்காரம்மா, பஸ் டிரைவர், பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூடத்தில். ஆசிரியராக நான் எதையாவது சாதித்தேன் என்றால் அந்த மேசையில்தான். மாகாணங்களில் நாட்டுப்புறப் படியாக மாதம் 100,000 வொன் சேர்த்துத் தருகிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலை என்றால் அதற்குத் தனிப் படி. ஒப்பந்தத்தில் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாக்வொன் யோசனைக்கு வருகிறேன். முகவரி முதலிலேயே தெரியும், உண்மை. ஆனால் அது தனியார் டியூஷன் வகுப்பு. பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்த பிறகுதான் பெரும்பாலும் வேலை, இரவு வரை இழுக்கும். நல்ல இடங்களும் உண்டு. சம்பளம் இழுத்தடிக்கிற, திடீரென்று பூட்டிவிடுகிற இடங்களும் உண்டு. மொழி ஆசிரியர்களுக்குத் தருகிற இ-2 விசா, வேலை தருபவரோடு கட்டப்பட்டது. அதனால் அந்த இடம் ஆட்டம் கண்டால் உங்கள் விசாவும் ஆட்டம் காணும். கல்வி அலுவலகம் பூட்டிக்கொண்டு ஓடாது. எபிக்கில் கிழமைக்கு 22 வகுப்பு, வருடத்துக்கு 26 வேலைநாள் விடுமுறை, வீடு அல்லது வீட்டு வாடகை, முடியும்போது ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை. கனடாக் குடியுரிமை உள்ளவருக்கு, கட்டிய ஓய்வூதியப் பணம் நாடு திரும்பும்போது கைக்கு வரும். தெரியாத ஊரையும் தெரியாத முதலாளியையும் எடைபோட்டால் நான் ஊர் தெரியாததைத்தான் எடுப்பேன். சியோலை விட்டு வெளியே இருக்கவே முடியாது என்று உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டும் ஹாக்வொன் சரி. அவர்களும் அங்கே இப்போது வேலை செய்கிற ஒருவரோடு பேசாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

விலகுவதென்றால் இப்போதே விலகுங்கள். அங்கே போய் ஊரைப் பார்த்துவிட்டு முதல் ஆறு மாதத்துக்குள் விட்டால் வந்ததற்கும் குடியேறுவதற்கும் அவர்கள் தந்த வருகைப் பணத்தையும் குடியேற்றப் பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு பாடசாலையும் நடு வருடத்தில் ஆளில்லாமல் நிற்கும்.

போவதென்றால் பெரிய பெட்டிகளைக் கப்பலில் அனுப்ப இப்போது அவசரப்படாதீர்கள், முகவரி வந்ததும் அம்மாவை அனுப்பச் சொல்லலாம். கையோடு கொண்டுபோக வேண்டியது குளிர் உடுப்பு, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் காசு, நீங்கள் இல்லாமல் இருக்க முடியாத தூள் வகைகள். கொரியச் சாப்பாட்டில் மரக்கறி நிறைய இருக்கும், ஆனால் சூப்பில் நெத்தலி அவித்த தண்ணீர் இருக்கும், கிம்ச்சியில் மீன் சாறு இருக்கும். பாடசாலைச் சாப்பாட்டில் சோறும் ஒரு கீரையும் மட்டும் சாப்பிடுகிற நாட்கள் வரும். இரவுக்கு வீட்டில் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பருப்பு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலைக்கு எங்கள் ஆட்களும் மற்ற ஆசியத் தொழிலாளர்களும் வேலை செய்கிற ஊர்களில் கடைகள் உண்டு. சியோல் பக்கத்து ஆன்சான் உங்களுக்குத் தூரம், பூசான் பக்கத்து கிம்ஹே ஒரு சனிக்கிழமையில் போய் வரக்கூடியது.

பாடசாலைப் பெயர் தெரிந்ததும் அன்றைக்கே கோ-டீச்சரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: வீட்டிலிருந்து பாடசாலைக்கு எப்படிப் போவது, முன்பு இருந்தவரின் தொடர்பு கிடைக்குமா, குளிக்கிற வெந்நீருக்கும் தரைச் சூட்டுக்கும் பொய்லரை எப்படிப் போடுவது. மூன்றாவதைக் கேட்காதவர்கள் பெப்ரவரியில் முதல் இரவை ஜாக்கெட்டோடு கழிப்பார்கள்.

அம்மாவிடம் ஊர்ப் பெயர் கொடுக்க முடியாவிட்டாலும், வேலை தரும் கல்வி அலுவலகத்தின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும், ஓரியன்டேஷன் நடக்கிற பல்கலைக்கழகத்தின் முகவரியையும் எழுதிக் கொடுங்கள். கனடாத் தூதரகம் சியோலில் இருக்கிறது, அந்த இலக்கமும் சேர்த்து. எந்த ஊர் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும், பருப்பு எங்கே கிடைக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா