யாருக்கு எந்தச் சிவப்பு ஒயின்? பண்டிகைக் காலக் கேள்வி பதில்

ஈப்போவிலும் பினாங்கிலும் ஹோட்டல்களில் ஒயின் பரிமாறியே காலத்தை ஓட்டியவன் என்பதால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒயின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. தீபாவளியில் தொடங்கி கிறிஸ்துமஸ் வழியாகச் சீனப் புத்தாண்டு வரை அன்பளிப்பாகக் கொடுக்கும் சிவப்பு ஒயின் பற்றி மட்டும் கேளுங்கள். யாருக்குக் கொடுக்கிறீர்கள், அவர் வீட்டில் அன்று என்ன சமையல் என்ற இரண்டையும் சேர்த்து எழுதினால் பதில் உருப்படியாக வரும்.

கேள்வி (செம்பனைத் தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர்): ஐயா, எங்கள் துரை டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். ஒயின் தெரிந்தவர். அலுவலகத்தில் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்திருக்கிறது. பிரான்சின் பொர்தோ வட்டாரத்து ஒயின் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த விலையில் பொர்தோ வாங்கினால் பாதிப் பணம் ஊர்ப்பெயருக்கே போய்விடும். அதோடு நல்ல பொர்தோ இளமையில் முரடு. 12, 13 டிகிரியில் சில ஆண்டுகள் படுக்கப் போட்டு வைத்தால்தான் அதன் துவர்ப்பு அடங்கும். இந்த ஊரில் யார் வீட்டில் அந்தக் குளிர் இருக்கிறது? ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்துச் சிவப்பு ஒயினைத் தேடுங்கள். லேபிளில் 'ரெசெர்வா' என்று இருந்தால் குறைந்தது 3 ஆண்டு முதிர்ந்த பிறகுதான் அது விற்பனைக்கு வந்திருக்கிறது. அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கிடந்திருக்கும். 'கிரான் ரெசெர்வா' என்றால் 5 ஆண்டு, அதில் 2 ஆண்டு பீப்பாய். காத்திருக்கும் வேலையை அவர்களே முடித்துத் தருகிறார்கள். லேபிளைப் பார்த்ததுமே, விசாரித்து வாங்கியிருக்கிறார்கள் என்பது உங்கள் துரைக்குப் புரிந்துவிடும்.

ஈப்போவில் வாங்கினால் நேரே வீட்டுக்கு வாருங்கள். பாட்டிலைக் காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இறங்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒயின் வெந்துபோகும். தக்கை மேலே தள்ளும். பழ மணம் போய், தீய்ந்த ஜாம் வாடை வரும்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். அறுபது வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள், அம்மா. நம் நாட்டில் ஒயினுக்கான கலால் வரி பாட்டிலின் விலையைப் பார்த்து வருவதில்லை. உள்ளே இருக்கும் மதுசாரத்தின் அளவைப் பார்த்து வருகிறது. மலிவான பாட்டிலும் விலையுயர்ந்த பாட்டிலும் ஏறக்குறைய ஒரே வரியைத்தான் கட்டுகின்றன. ஆகவே அடிமட்ட விலைப் பாட்டிலில் வரி, கண்ணாடி, கப்பல் கூலி எல்லாம் போக ஒயினுக்கென்று மிஞ்சுவது சொற்பம். கூட இருபது வெள்ளி போட முடிந்தால் போடுங்கள், அது பெரும்பாலும் ஒயினுக்கே சேரும்.

அறுபதில்தான் நிற்க வேண்டும் என்றால் சிலி நாட்டின் கார்மெனேர். பொர்தோவில் பிறந்த திராட்சை இது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா பூச்சி பிரான்சின் கொடிகளைத் தின்று தீர்த்த பிறகு, மறுநடவில் இதை அங்கே கைவிட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே சிலிக்குக் கப்பலேறிய கொடிகள் மெர்லோ என்ற வேறொரு திராட்சையோடு கலந்து, அதன் பெயரிலேயே வளர்ந்தன. 1994இல் ழான் மிஷெல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சு வல்லுநர் சிலித் தோட்டத்தில் கொடிகளைப் பார்த்து, இவை மெர்லோ அல்ல, கார்மெனேர் என்று அடையாளம் சொன்னார். தொலைந்துபோனதாக நினைத்த சாதி அத்தனை காலமும் வேறு பெயரில் விலை போயிருக்கிறது! இலேசான குடைமிளகாய் மணம், மென்மையான துவர்ப்பு. வறுத்த வாத்துக்குப் பொருந்தும். சிவப்புத் தாளில் சுற்றுங்கள். இரண்டு பாட்டிலாகக் கொடுக்கலாம், நான்காகக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு அந்த எண் ஆகாது.

கேள்வி (லாரி ஓட்டுநர்): அறுபது வெள்ளிக்குள் நல்ல சிவப்பு ஒயின் எது?

பதில்: ஆசிரியைக்குச் சொன்னதுதான்.

கேள்வி (மருத்துவமனைத் தாதி): என் சித்தப்பா சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துச் சீரழிந்து, இப்போது நிறுத்திவிட்டார். ஒயின் மென்மையானதுதானே? தீபாவளிக்கு ஒரு சின்னப் பாட்டில் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. சிவப்பு ஒயினில் பெரும்பாலும் 13, 14 விழுக்காடு மதுசாரம் இருக்கிறது. சம்சுவில் அவரைச் சீரழித்ததும் அதே சரக்குதான். நல்ல வேட்டி எடுத்துக் கொடுங்கள். அன்று அவர் வீட்டுக்குப் போகும் மற்ற உறவினர்களிடமும் சொல்லிவையுங்கள்.

கேள்வி (ரயில் நிலையச் சாலைவாசி): சிவப்பு ஒயினைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவே கூடாது, அறை வெப்பத்தில்தான் குடிக்க வேண்டும் என்கிறார் என் மருமகன். சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கும்போது அப்படியே சொல்லிவிடலாமா?

பதில்: மருமகன் சொல்லும் அறை ஐரோப்பாவில் இருக்கிறது. தடித்த கல் சுவருக்குள் 16, 18 டிகிரி இருந்த காலத்தில் பிறந்த பேச்சு அது. நம் கூடத்தில் பகலில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் மதுசாரம்தான் முதலில் மூக்கில் ஏறும், பழ மணம் அமுங்கிப்போகும். குடிப்பதற்கு முன் அரை மணி, முக்கால் மணி நேரம் குளிரில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மேற்படி மருமகன்): நான் மெல்பர்னில் படித்தவன். அங்கே யாரும் சிவப்பு ஒயினைக் குளிரில் வைத்து நான் பார்த்ததில்லை.

பதில்: தம்பி, மெல்பர்னில் ஜூலை மாதம் வீடே குளிர்பதனப் பெட்டிதான். அலமாரியிலிருந்து எடுத்த பாட்டில் ஏற்கெனவே 16 டிகிரியில் இருக்கும்போது எதற்கு மறுபடி உள்ளே வைப்பார்கள்? நீங்கள் பார்த்தது சரி, அதைச் சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுவந்ததுதான் சரியில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற தண்டல்): எதற்கு இவ்வளவு வாதம்? இரண்டு கட்டி ஐஸ் போட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

பதில்: அண்ணே, ஐஸ் உருகினால் தண்ணீர். ஒயினில் தண்ணீர் கலக்கத்தான் கூடுதல் காசு கொடுத்து வாங்கினோமா? இன்னொன்று, குளிர் அளவுக்கு மீறினால் துவர்ப்பு கூர்மையாகும். ஷிராஸ், கேபர்னே சொவினியோன் போன்ற கனத்த ஒயின்கள் 5 டிகிரிக்கு இறங்கினால் பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் நாக்கு இழுக்கும். கனத்தவற்றுக்கு 16 முதல் 18 டிகிரி. பினோ நுவார், கமே மாதிரி இலகுவானவற்றுக்கு 12 முதல் 14.

கேள்வி (மருமகன்): அப்படியானால் மாமா சொன்னது சரி என்கிறீர்களா?

பதில்: உங்கள் மாமா எதுவும் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தார். அடுத்த கேள்வி.

கேள்வி (சந்தைக்கடை வியாபாரி): தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிப் பிரட்டல். காரம் தூக்கலாக இருக்கும். வரும் நண்பர்களுக்கு எதை ஊற்றலாம்?

பதில்: அருமையான கேள்வி. ஆட்டிறைச்சி என்றாலே கடைக்காரர் கேபர்னே சொவினியோனை எடுத்து நீட்டுவார். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அணைக்கும் என்பது உண்மை; சுட்ட இறைச்சிக்கு அது சரி. பிரட்டலில் மிளகாய் இருக்கிறதே! மிளகாயின் எரிச்சலை மதுசாரம் கிளப்பிவிடும், அந்த எரிச்சலில் துவர்ப்பும் கசப்பாகத் தெரியும். உங்களுக்கு வேண்டியது துவர்ப்பு குறைந்த, பழச்சுவை மிகுந்த ஒயின். ஸ்பெயினின் கர்னாச்சா, அல்லது அதே திராட்சை பெரும்பங்கு வகிக்கும் பிரான்சின் கோத் து ரோன். கர்னாச்சாவில் மதுசாரம் ஏறிவிடும், 14க்குக் கீழே உள்ளதாகப் பார்த்து எடுங்கள். பிரான்சின் போஜொலே இன்னும் இலகு. மிளகும் சோம்பும் தூக்கலாக, மிளகாய் அடக்கமாக இருந்தால் ஆஸ்திரேலிய ஷிராஸ் தாராளமாக ஒத்துப்போகும். அதற்கே ஒரு மிளகு வாசம் உண்டு. பாட்டில்களை முதல் நாளே வாங்கிக் காரில் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): தெரிந்தவர் ஒருவர் வரி முத்திரை இல்லாத பாட்டில்களைப் பாதி விலைக்குத் தருகிறார். அன்பளிப்புக் கூடைக்கு வாங்கலாமா?

பதில்: 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் என்ற நஞ்சு கலந்த போலி மது குடித்துப் பலர் இறந்தார்கள். மூடியில் சுங்கத் துறை முத்திரை இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

கேள்வி (வங்கி ஊழியர்): முஸ்லிம் சக ஊழியருக்கு ஆல்கஹால் நீக்கிய சிவப்பு ஒயின் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அதுவும் ஒயினாக இருந்து பிறகு மதுசாரம் நீக்கப்பட்டதுதான், சிலவற்றில் 0.5 விழுக்காடு வரை மிச்சமும் இருக்கும். பேரீச்சம்பழம் கொடுங்கள். கூடைகளைக் கட்டும்போது ஒயின் வைத்த கூடையைத் தனியாகப் பிரித்து வையுங்கள், மாறிப்போனால் சங்கடம்.

கேள்வி (புதுக்கிராமவாசி): அத்தைக்குப் புளிப்பும் துவர்ப்பும் பிடிக்காது. இனிப்பாக ஏதாவது?

பதில்: இத்தாலியின் லம்புருஸ்கோ. நுரைக்கும் சிவப்பு ஒயின், மதுசாரமும் குறைவு. லேபிளில் 'டோல்ச்சே' அல்லது 'அமாபிலே' என்று இருக்க வேண்டும். 'செக்கோ' என்றிருந்தால் இனிக்காது. நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். மருமகன் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

கேள்வி (குடும்பத் தலைவி): மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ரத்தம் ஊற எந்தச் சிவப்பு ஒயின் நல்லது?

பதில்: எதுவும் இல்லை. நிறம் சிவப்பு என்பதால் ரத்தம் ஊறாது, மதுசாரம் தாய்ப்பாலில் சேரும். மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி (சைவ உணவுக்காரர்): எங்கள் வீட்டார் முட்டைகூடச் சேர்க்க மாட்டார்கள். ஒயின் சைவம்தானே?

பதில்: எல்லாமே அல்ல. சிவப்பு ஒயினின் கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய வழக்கம். 'வீகன்' என்று லேபிளில் அச்சிட்டதைத் தேடி வாங்குங்கள்.

கேள்வி (பேருந்து நிலையக் கடைக்காரர்): மகனின் நண்பனுக்கு 19 வயது. அறுபது வெள்ளிக்குள் எது நல்லது?

பதில்: 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது 2017 டிசம்பர் முதல் சட்டம். விலை என்னவானாலும் எதுவும் இல்லை.

கேள்வி (இளைஞர்): ஐம்பத்தைந்து வெள்ளிக்குள்?

பதில்: அறுபதுக்குச் சொன்னதையே ஐந்து வெள்ளி தள்ளுபடியில் தேடுங்கள்.

கேள்வி (பங்கு மக்களில் ஒருவர்): பங்குத் தந்தைக்குக் கிறிஸ்துமஸ் அன்பளிப்பு. திருப்பலிக்கும் பயன்படுத்துவாரா?

பதில்: திருப்பலிக்கான ஒயினுக்குத் திருச்சபைச் சட்டத்திலேயே விதி இருக்கிறது, அது கலப்பில்லாத திராட்சை ஒயினாக, கெடாததாக இருக்க வேண்டும். அதைப் பங்கே ஏற்பாடு செய்துகொள்ளும். நீங்கள் கொடுப்பது அவருடைய சாப்பாட்டு மேசைக்கு. திருகு மூடிப் பாட்டிலாக வாங்குங்கள், பங்கு இல்லத்தில் தக்கை திறப்பான் தேடி அலைய வேண்டியிருக்காது.

கேள்வி (ஓய்வுபெற்ற தண்டல்): தம்பி, ஐஸ் விஷயத்தை அப்படியே விட்டுவிட்டீர்களே. என் வீட்டில் ஐஸ் இல்லாமல் யாரும் குடிக்க மாட்டார்கள்.

பதில்: சரி அண்ணே. ஸ்பெயினில் சிவப்பு ஒயினில் ஆரஞ்சுத் துண்டும் சர்க்கரையும் ஐஸும் போட்டு சங்ரியா என்று குடிக்கிறார்கள். இருப்பதில் மலிவான, துவர்ப்பில்லாத பாட்டிலை அதற்கு எடுங்கள். ஆரஞ்சு நிறையப் போடுங்கள், ஐஸ் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். கிராணி வாங்கும் ரியோஹாவின் பக்கம் மட்டும் ஐஸ் வாளியோடு போகாதீர்கள்.