நடந்தாலும் சோர்வடையார்கள்

அன்புள்ள ஐயா,

பக்கவாதத்தில் விழுந்த என் அம்மாவை மூன்று வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். படுக்கைப்புண் வந்துவிடக்கூடாதென்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான். சுவர்க் காலண்டரில் 'கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்; அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்வடையார்கள்' என்ற வசனம் இருக்கிறது. கழுகைப்போல எழும்புவது இருக்கட்டும், கட்டிலை விட்டு எழும்புவதே எனக்குப் பெரும்பாடு. ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். போன வாரம் வந்த சபைச் சகோதரர் ஒருவர், "விசுவாசத்தோடு காத்திருந்தால் சோர்வு வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் அந்தக் காலண்டரைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. என் விசுவாசத்தில்தான் கோளாறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறு காலண்டரில் இருக்கிறது. வேதத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் 40-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை மட்டும் கத்தரித்து ஒட்டிவிட்டார்கள். நான்கு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். 'என் வழி கர்த்தருக்கு மறைவாயிற்று' என்று புலம்புகிற ஜனங்களிடம்தான் தீர்க்கதரிசி பேசுகிறார். ஊரும் ஆலயமும் பறிபோய், பாபிலோன் சிறையிருப்பில் தலைமுறையே மாறிப்போன ஜனங்கள் அவர்கள். 29-ஆம் வசனம் இன்னும் வெளிப்படை: 'சோர்ந்துபோகிறவனுக்கு அவர் பெலன் கொடுத்து.' சோராதவனுக்கு அங்கே எந்த வாக்குறுதியும் இல்லை. அந்தச் சகோதரர் இதை வாசித்திருந்தால் உங்கள் வீட்டு வாசலில் சற்றுத் தயங்கியிருப்பார்.

'புதுப்பெலன் அடைந்து' என்ற இடத்தில் எபிரெயத்தில் உள்ள வினைச்சொல்லுக்கு மாற்றுவது, புதிதாக்குவது என்றெல்லாம் பொருள் உண்டு. சிறையிலிருந்து எகிப்து ராஜாவான பார்வோன் முன் போகுமுன் யோசேப்பு உடை மாற்றினானே, அங்கேயும் அதே வினைதான். வெட்டிப்போட்ட மரம் திரும்பத் தழைக்கும் என்று யோபு 14-இல் வருகிறதே, அந்தத் 'தழைக்கும்' என்பதும் அதே வினைதான். வெட்டுப்பட்ட மரம்தான் தழைக்க வேண்டியிருக்கிறது. பழைய பெலன் தீர்ந்துபோவது விசுவாசம் தீர்ந்துபோனதற்கு அடையாளம் அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்த வசனத்தின் வரிசையையும் கவனியுங்கள். முதலில் பறத்தல், பிறகு ஓடுதல், கடைசியில் நடத்தல். நம் மேடைப் பேச்சாளர்களிடம் கொடுத்திருந்தால் தலைகீழாக அடுக்கி, கழுகில் கொண்டுபோய் முடித்துக் கைதட்டு வாங்கியிருப்பார்கள். ஏசாயா நடையில் முடிக்கிறார். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்புகிற ஜனங்களுக்குச் சிறகு முளைக்கவில்லை. மாதக்கணக்கில் கால்தான் நடந்தது.

என் தகப்பனாரைப் பதினொரு மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்தவன் நான். ஓர் இரவு, ஒரு கையைத் தோளுக்கும் மற்றொன்றை இடுப்புக்கும் கொடுத்துப் புரட்டும்போது, விரிப்பு சுருண்டு முதுகுக்கடியில் மாட்டிக்கொண்டது. அதை இழுக்க அவரை மறுபடி தூக்க வேண்டும். எனக்கு வந்தது ஜெபம் இல்லை, கோபம். "எதுவரைக்கும்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். நாலைந்து நாள் குற்ற உணர்ச்சி அரித்தது. பிறகு ஒருநாள் 13-ஆம் சங்கீதத்தைத் திறந்தால், தாவீது அதே கேள்வியை இரண்டே வசனத்தில் நான்கு முறை கேட்டிருக்கிறான்! அன்றைக்கு எந்த வல்லமையும் இறங்கவில்லை. விரிப்பைச் சரிசெய்தேன், அவ்வளவுதான். ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எழுந்தேன். அந்த எழுந்திருத்தலைத்தான் இன்று நான் பெலன் என்று சொல்லுவேன். அன்று அதற்கு அந்தப் பெயர் எனக்குத் தெரியாது.

ஜெபத்தில் தூங்கிவிடுகிறேன் என்கிறீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே, 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனான். தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறை வந்து மறுபடியும் சாப்பிடத்தான் சொன்னான். நாற்பது நாள் இரவும் பகலும் ஓரேப் மலைவரை நடந்தது அந்தப் போஜனத்தின் பலத்தினால் என்றே வேதம் சொல்கிறது. விசுவாசத்தின் பலத்தினால் என்று எழுதத் தெரியாதவர்களா எழுதினார்கள்?

ஆகவே தூக்கத்தைப் பாவக்கணக்கில் எழுதாதீர்கள். வாரத்தில் ஓர் இரவாவது வேறொருவர் கண்விழிக்கட்டும். உடன்பிறந்தவர்கள் இருந்தால் கூசாமல் கேளுங்கள். கர்த்தருக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மனிதரிடம் உதவி கேட்காமலிருந்தேன் நான். அது பொறுமை இல்லை, வெறும் வீம்பு. முதுகுவலி வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சகோதரர் மறுபடி வந்தால் வாக்குவாதம் வேண்டாம். அம்மாவை எப்படிப் புரட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்து, ராத்திரி பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, இரண்டு மணிக்கு அலாரம் வைத்துக் கையில் கொடுங்கள். நீங்கள் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.