மூன்றாவது பிரதி

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 14 வயது மகனுக்கு நடக்கும்போது கால் தடுக்குகிறது, செருப்பு தானாகக் கழன்றுவிடுகிறது. மரபணுச் சோதனையில் ‘பிஎம்பி22 டூப்ளிகேஷன்’ என்று வந்திருக்கிறது. ஒரு ஜீன் கூடுதலாக இருந்தால் என்ன கெடுதல்? பி12 ஊசி போட்டால் சரியாகுமா?

பதில்: செருப்பு கழல்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. இந்த நோயில் பாதத்தைத் தூக்கும் தசைகள் ஆரம்பத்திலேயே தளரும். அவனுடைய ஷூவைத் திருப்பிப் பாருங்கள், முனை தேய்ந்திருக்கலாம். நோயின் பெயர் சார்கோ-மேரி-டூத், 1ஏ வகை. (டூத் ஒரு டாக்டரின் பெயர்; பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிறையப் பேர் கேட்கிறார்கள்.)

கை கால் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற காப்பு உறையைச் சுற்றுபவை ஷ்வான் செல்கள். எவ்வளவு தடிமனாகச் சுற்ற வேண்டும் என்பதை நரம்பிழையே நியூரெகுலின் என்ற புரதத்தின் வழியாகச் சொல்லும். சேதி கிடைத்ததும் ஷ்வான் செல்லுக்குள் சாக்ஸ்10, ஈஜிஆர்2 என்ற இரண்டு புரதங்கள் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் (சுவிட்சுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) போய் ஒட்டிக்கொண்டு மயலினுக்கான ஜீன்களை முடுக்கிவிடும். அந்த ஜீன்களில் ஒன்றுதான் பிஎம்பி22.

17ஆம் குரோமோசோம் ஜோடியில் நமக்கெல்லாம் அதற்கு இரண்டு பிரதிகள். உங்கள் மகனுக்கு மூன்று. மூன்றிலும் எழுத்துப்பிழை கிடையாது; முடுக்கும் சுவிட்சுகளும் கூடவே இரட்டித்திருப்பதால் மூன்றும் வேலை செய்கின்றன. புரதம் அதிகமாகி, உறை சரியாக அமையாமல் உரிவதும் மறுபடி கட்டுவதுமாக இருக்கிறது. கை நரம்பில் வினாடிக்கு 50 மீட்டர் ஓடவேண்டிய சமிக்ஞை பலருக்குப் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அபூர்வமாக, ஜீன் இரண்டே இருந்து சுவிட்ச் பகுதி மட்டும் இரட்டித்தவர்களுக்கும் இதே நோய் வந்திருக்கிறது. பிரதி ஒன்றாகக் குறைந்தாலும் வம்புதான்: காலை மடக்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே பாதம் மரத்துத் தொங்கிப்போகும்.

இது வைட்டமின் குறைவால் வந்ததல்ல; ஆகவே பி12 குறைவு ரத்தத்தில் தெரிந்தாலொழிய ஊசி வேண்டாம். வைட்டமின் சி எலிகளில் பலன் தந்தது, மனிதர்களில் தரவில்லை. ஜீனின் அளவைக் குறைக்கும் மருந்துகள் ஆராய்ச்சியில் இருக்கின்றன, கைக்கு வரவில்லை. இன்றைக்கு உதவுவது பிசியோதெரபி, குதிகால் தசைநாரை நீட்டும் பயிற்சி, தேவைப்பட்டால் கணுக்கால் ஸ்ப்ளின்ட். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இவனுக்கு ஆகாது.

இன்னொன்று: நீங்களும் உங்கள் கணவரும் வெறுங்காலோடு தரையில் நின்று பாருங்கள். யாருக்காவது பாதம் வில் மாதிரி வளைந்திருந்தால் அவருக்கும் அதே சோதனை தேவைப்படலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு.