புரமோஷன் பட்டியலில் அம்மாக்களின் பெயர்: வாசகர் கேள்விகள்

சிறுசேரியில் ஐடி வேலை. 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பினேன். "ஆறு மாசம் நீங்க இல்லையே" என்று ரேட்டிங்கைக் குறைத்து, புரமோஷன் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இது நியாயமா?

நியாயமே இல்லை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த 12 வாரத்தை 2017 திருத்தம் 26 ஆக்கியது. அது உங்கள் உரிமை, யாரும் இரங்கித் தந்த சலுகை அல்ல. விடுப்பில் இருப்பவரின் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் ரேட்டிங் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது, நிறுவனங்கள் நுழைவது அந்தச் சந்தில்தான்.

அதனால் கோபத்தோடு போகாதீர்கள், கணக்கோடு போங்கள். வேலை பார்த்த மாதங்களில் முடித்துக் கொடுத்தவை, கிளையன்ட் பாராட்டிய மெயில்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். "இந்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிட்டால் என் ரேட்டிங் என்ன?" என்று எச்.ஆருக்கு எழுதிக் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பி மூன்று அப்ரைசலைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பைத் தகுதிகாண் பருவத்தோடு (புரொபேஷன்) சேர்த்துக் கணக்கிடுவதாக 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். தகுதிகாண் பருவம் தள்ளிப்போனால் பதவி உயர்வும் தள்ளிப்போகும் என்பது அரசுக்கே புரிந்திருக்கிறது. தனியாருக்குப் புரியாதா?

நான் மேனேஜர். டீம் லீட் ஆகிறவர் அடிக்கடி ஹைதராபாத் போக வேண்டும். தகுதியானவருக்கு இரண்டு வயதுக் குழந்தை. பாவம் என்று வேறொருவர் பெயரை எழுதினேன். தவறா?

தவறுதான். அவரைக் கேட்டீர்களா? குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் இருக்கலாம், கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். அதே வயதுக் குழந்தை உள்ள ஓர் ஆணிடம் இந்த இரக்கம் உங்களுக்கு வந்திருக்காது. பட்டியல் மேலே போகும் முன்பே மாதத்துக்கு எத்தனை நாள் பயணம் என்று சொல்லி, அவர் வாயால் பதில் வாங்குங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மகளை அழைத்துவர ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். "ஆம்பளைக்கு எதுக்கு இது?" என்கிறார் சூப்பர்வைசர்.

அப்பாவும் பெற்றவர்தான். கிளம்பும் நேரத்தைப் பார்க்காமல், அன்றைய உற்பத்திக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குக் குழந்தை இல்லை. பொங்கல், தீபாவளி ஷிஃப்டெல்லாம் என் தலையில்தான். இதைச் சொன்னால் நான் கெட்டவளா?

இல்லவே இல்லை. சுழற்சி முறை கேளுங்கள். நீங்கள் செய்த பண்டிகை ஷிஃப்ட்களும் உங்கள் அப்ரைசலில் ஏறட்டும்.