ஒழுங்கும் அந்தரமும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 34 வயது. அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். கொக்குவிலில் அம்மாவுடன் இருக்கிறேன். கனடாவில் அண்ணாவின் மகனுக்கு ஓட்டிசம் என்று தெரிந்தபோது, அண்ணி அவனைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றும் என்னைப் பற்றிச் சொன்னதாகவே பட்டது. கடந்த வருடம் இங்குள்ள உளநல வைத்தியர் ஒருவரிடம் போனேன். அவர் பல தடவை என்னோடு பேசி, அம்மாவையும் விசாரித்து, எனக்கு ஓட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் (கவனக் குறைபாடும் மிகையியக்கமும்) சேர்ந்தே இருக்கின்றன என்றார்.

அட்டவணை போடாமல் என்னால் இருக்க முடியாது. போட்ட அட்டவணையை நான்காம் நாள் திரும்பிப் பார்க்கவும் முடியாது. வீட்டில் ஒரு சாமான் இடம் மாறினால் அந்தரப்படுகிறேன். இடம் மாற்றி வைத்ததும் நானாகவே இருப்பேன். கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு மறந்து, தாங்கி வழிந்து முற்றம் வெள்ளமாகாத கிழமை இல்லை. அம்மா இதைப் பஞ்சி, சோம்பல் என்கிறார். மற்றவர்களிடம், போர்க்காலச் செல்லடியில் பயந்த பிள்ளை என்கிறார். இவற்றில் எது நான்? குளிசை எடுக்கத்தான் வேண்டுமா? கலியாணப் பேச்சு ஒன்றும் வந்திருக்கிறது. அவர்களிடம் சொல்வதா? அலுவலகத்தில் சொல்வதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

எனக்கும் இந்த இரண்டும் இருக்கின்றன. நாற்பது வயதைக் கடந்த பிறகே அது தெரியவந்தது. நான் வைத்தியர் இல்லை. வாழ்ந்து அறிந்ததையும் வாசித்து அறிந்ததையும் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உங்களை மிகவும் வருத்துவது அட்டவணைதான் என்று தோன்றுவதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஓட்டிசம் உள்ளவருக்கு, அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருந்தால்தான் மனம் அடங்கும். ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கோ, ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் மனம் நிற்காது. புதியதும் அவசரமானதும் மிகப் பிடித்ததுமே அவரை எழுப்பி வேலை செய்ய வைக்கும். இரண்டும் ஒருவரிடமே இருக்கும்போது, ஒழுங்கு வேண்டுமென்று தவிப்பவரும் அவர்தான், அந்த ஒழுங்கைப் பிடித்து நிற்க இயலாதவரும் அவர்தான். ஓட்டிசம் உள்ளவர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனை, நாள் முழுவதையும் நேரம் பிரித்து எழுதி வைக்கச் சொல்கிறது, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குச் சொல்லப்படுவது, சலிப்புத் தட்டியதும் முறையை மாற்றச் சொல்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல ஆலோசனைகள். உங்களிடம் முதலாவது நான்காம் நாள் உடைந்துபோகிறது, இரண்டாவது உங்களை நிலைகுலைய வைக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து நீங்கள் உங்களையே ஏசிக்கொள்கிறீர்கள். எது நான் என்று கேட்கிறீர்கள். இரண்டும் நீங்கள்தான், தங்கச்சி. ஒன்றை நீதவானாக இருத்தி மற்றதைக் கூண்டில் ஏற்றும் வரையில், எந்த அட்டவணையும் உங்களுக்கு உதவப்போவதில்லை.

என் வாழ்க்கையில் நிலைத்து நின்ற முறை, நாளில் மிகச் சில இடங்களை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டு இடைப்பட்ட நேரத்தைத் திறந்து விடுவது. காலையில் எப்போதும் பாணும் சம்பலும், அதே கோப்பை, அதே கதிரை. சனிக்கிழமை விடியவே, சனம் சேர முன்னர், திருநெல்வேலிச் சந்தை. ஆனால் அங்கே என்ன வாங்குவது என்பதை முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. போவது நிச்சயமாக இருப்பதால் ஓட்டிசத்துக்கு நிம்மதி, வாங்குவது நிச்சயமில்லாததால் மற்றதற்கு உற்சாகம். இந்த விடயத்தில் யாழ்ப்பாணம் நமக்குப் பெரிய துணை. வெள்ளிக்கிழமை மரக்கறிதான் என்பதை நான் யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை, ஊரே முடிவெடுத்து வைத்திருக்கிறது. நேரம் போவதே தெரியாத எனக்கு, நேரம் தவறாத பூசைக்குப் பெயர்பெற்ற நல்லூரின் மணியோசை எந்தக் கைபேசி அலாரத்தையும் விட நன்றாக உதவுகிறது. அலாரத்தை நிறுத்திவிட்டு இருந்துவிடலாம், கோயில் மணியை நிறுத்த முடியாது.

மோட்டர் விடயத்தில் இனிமேல் நினைவில் வைத்திருப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். செய்துகொண்டிருக்கும் ஒன்றை மனத்தின் ஓரத்தில் தாங்கியபடி இன்னொன்றைச் செய்யும் ஆற்றல்தான் ஏ.டி.எச்.டி.யில் குறைவாக இருக்கிறது; வாக்குக் கொடுப்பதால் அது அதிகரிக்காது. தாங்கிக்குள் தொங்கவிடும் மிதவைச் சுவிட்ச் ஒன்றைப் பூட்டுவியுங்கள். தண்ணீர் மேலே வந்ததும் மிதவை எழும்பும், மோட்டர் தானாக நிற்கும். அதன் பிறகு வீட்டில் அந்தச் சண்டைக்கு இடமே இருக்காது. இப்படி, நினைவின் தலையில் ஏற்றியிருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பொருள்களிடம் கொடுக்க வேண்டும். அலுவலகக் கோப்புகளிலும் இதே சிக்கல் உங்களுக்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். லாச்சிக்குள் வைத்த கோப்பு இல்லாமலே போய்விடும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினால் கண் களைத்து ஒன்றையும் தொட மனம் வராது. இன்றைய கோப்பு ஒன்று மட்டும் மேசையில், மற்றவை முதுகில் பெரிய எழுத்தில் பெயர் தெரிய அலுமாரியில் என்று வைத்துப் பாருங்கள்.

உடம்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனாலும் நான் எழுதியாக வேண்டும். ஓட்டிசம் உள்ள பலருக்குப் பசி, தாகம், களைப்பு ஆகியவற்றின் அறிகுறிகள் தெளிவாகத் தெரிவதில்லை. பிடித்த வேலையில் மூழ்கிப்போகும் ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தால், பின்னேரம் கை நடுங்கும்போதுதான் மத்தியானம் சாப்பிடாதது தெரியும். பசிக்கட்டும் என்று காத்திராமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கோயில் ஒலிபெருக்கி, கலியாணவீட்டு இரைச்சல், கழுத்தை அராவும் சரிகைக் கரை, சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளி ஆகியவை மற்றவர்களிடம் வாங்குவதைவிடப் பல மடங்கு பலத்தை நம்மிடம் வாங்கிவிடுகின்றன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் வீதிகள் மூடப்பட்டு, வழக்கமான பாதை இல்லாமல் போவதே எனக்குப் பெரிய சோதனை. கொடியேற்றத்துக்கு முன்னரே மாற்றுப் பாதையில் சைக்கிளில் போய்ப் பழகிக்கொள்வேன். காதடைப்பான் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். கலியாணவீட்டுக்கு வேளைக்குப் போய், தேத்தண்ணி கொடுப்பது போன்ற கைவேலை ஒன்றைக் கேட்டு வாங்கி, பந்தி முடிந்ததும் புறப்பட்டுவிடுங்கள். பெண்களாகிய நாம் முகத்தில் சிரிப்பை ஒட்டிவைத்து, மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களைப்போல நடந்தே வளர்ந்தோம். அதை ஆண்டுக்கணக்கில் ஓய்வில்லாமல் தொடரும்போது வரும் சோர்வு சாதாரணக் களைப்பு அல்ல. மாதக்கணக்கில் நீடிக்கும், தெரிந்த வேலைகூடக் கையில் வராமல் போகும், முன்பு பொறுத்த சத்தத்தைப் பொறுக்க முடியாமல் போகும். அது பஞ்சி அல்ல என்பதை அம்மாவுக்கு நீங்கள் விளங்கப்படுத்த முன்னர், நீங்கள் உறுதியாக நம்ப வேண்டும்.

அம்மா சொல்லும் மற்றக் காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது உங்களுக்கு நான்கு வயதளவில் இருந்திருக்கும். செல்லடியையும் இடம்பெயர்வையும் கண்ட பிள்ளைக்குத் திடீர்ச் சத்தத்தில் திடுக்கிடுவதும், கவனம் சிதறுவதும், நித்திரை குழம்புவதும் வரும். வெளிப்பார்வைக்கு இவை ஏ.டி.எச்.டி.யையும் ஓட்டிசத்தையும் ஒத்திருக்கும். அதனால்தான் உங்கள் வைத்தியர் அம்மாவிடம் சிறுவயதைப் பற்றி விசாரித்திருக்கிறார். ஓட்டிசம் பிறவியிலேயே வருவது, ஏ.டி.எச்.டி. என்று சொல்வதற்கு 12 வயதுக்கு முன்னரே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். இந்த இயல்போடு பிறந்த பிள்ளையைப் போரும் பயமுறுத்தியிருக்கலாம், ஒன்று மற்றதை இல்லாமல் செய்யாது. எங்கள் தலைமுறையில் யாரும் கவனிக்காததற்கு ஆசிரியர்களையும் அம்மாமாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உலகின் பல நாடுகளில் வைத்தியர்கள் பின்பற்றும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு, 1994ஆம் ஆண்டுப் பதிப்பில், ஓட்டிசம் உள்ளவருக்கு ஏ.டி.எச்.டி.யையும் சேர்த்துச் சொல்லக்கூடாது என்றே விதித்திருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்புத்தான் அந்தத் தடையை நீக்கியது. நிபுணர்களின் நூலிலேயே இடமில்லாத ஒன்றை, இடப்பெயர்வுக்கு நடுவில் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் எப்படிக் கண்டிருப்பார்கள்?

குளிசையைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். ஓட்டிசத்தை மாற்றும் மருந்து கிடையாது, அப்படி ஒன்று இருப்பதாக யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஏ.டி.எச்.டி.க்கு மெதில்பெனிடேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன, பலருக்கு நன்றாக உதவுகின்றன. இரண்டும் உள்ளவர்களுக்குப் பக்கவிளைவுகள் சற்றுக் கூடுதலாக வரலாம் என்பதால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். நித்திரை, பசி, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனிப்பார்கள். கவனம் ஒருநிலைப்பட்டதும் சத்தமும் வெளிச்சமும் முன்னரைவிட உறைப்பாகத் தெரிவதாகச் சிலர் சொல்வதுண்டு. அப்படி நேர்ந்தால் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருந்தாலும், அதைக் காட்டி ஒரு கிளையில் கதிரையை இடம் மாற்றிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. தேவையை மட்டும் கேளுங்கள்: வாய்மொழியாகத் தரும் வேலையை ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், பொதுமக்கள் வந்துபோகும் கவுண்டரிலிருந்து தள்ளி ஒரு மேசை கிடைக்குமா என்று கேளுங்கள். காரணம் கேட்டால், இப்படி என்றால் பிழை வராது என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

கலியாணம் வேறு விடயம். அங்கே சொல்லியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் தரகர் மூலமாகவோ சாதகத்தோடு சேர்த்தோ அனுப்பாதீர்கள். அது உங்கள் வாயிலிருந்து வராமல் ஊர் வாயிலிருந்து அவருக்குப் போய்ச் சேரும். ஓரிரு தடவை பேசிப் பழகிய பின், சம்மதம் சொல்ல முன்னர், அவரிடம் நேரே சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்வதுபோல இரண்டு பெயர்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் பயந்துவிடுவார். ‘வேலையால் வந்ததும் ஒரு மணித்தியாலம் நான் தனியே இருக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது. மின்சாரக் கட்டணத்துக்கு நாள் பார்க்கும் வேலையை நீங்கள் எடுக்க வேண்டும். பதிலுக்கு நான் இன்ன இன்னதைச் செய்வேன்’ என்று, அன்றாட வாழ்க்கையாகவே சொல்லுங்கள். பிள்ளைகளைப் பற்றி அவர் கேட்பார், கேட்பதில் தவறில்லை. இரட்டையர் ஆய்வுகள் இந்த இரண்டிலுமே மரபின் பங்கு பெரியது என்று காட்டுகின்றன. ஆகவே பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஆனால் நிச்சயமாக வரும் என்று இல்லை என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். உங்கள் வைத்தியரோடு கதைக்க விரும்பினால் அடுத்த கிளினிக் நாளில் உங்களோடு வரலாம் என்றும் சொல்லுங்கள். வருகிறேன் என்பவராக இருந்தால் அந்தப் பேச்சைத் தொடருங்கள். வீட்டாருக்குச் சொல்லாமல் மறைத்துவிடுவோம் என்பவராக இருந்தால், தொடர வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அன்புடன்,
அக்கா