ஹதமா, அஷ்டாங்கமா, ஐயங்காரா? யோகா தொடங்குபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாஸ்டர், யோகாவில் இத்தனை பெயர்கள் சொல்கிறார்களே, எல்லாம் ஒரே ஆசனங்கள்தானே? என்ன வித்தியாசம்?

பதில்: ஆசனங்கள் பெரும்பாலும் பொதுதான். ஓர் ஆசனத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம், அடுத்ததற்கு எப்படிப் போகிறோம் என்பதில்தான் பாணி பிரிகிறது. ஐயங்கார் பாணியில் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நிற்க வைத்து, பாதம், முட்டி, இடுப்பு ஒவ்வொன்றையும் திருத்துவார்கள். பட்டாபி ஜோய்ஸ் மைசூரில் கற்றுக்கொடுத்த அஷ்டாங்க வின்யாசத்தில் வரிசை மாறாது. பெரும்பாலான ஆசனங்களுக்கு 5 மூச்சுதான், உடனே அடுத்தது. ஐயங்கார் பாணியைத் தந்த பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோய்ஸ் இருவருமே கிருஷ்ணமாச்சாரியார் என்ற யோகா ஆசிரியரிடம் படித்தவர்கள். வின்யாச ஃப்ளோவும் ஓட்டமாகப் போவதுதான், ஆனால் வரிசையை ஆசிரியரே அமைப்பார். சிவானந்தா பாணியில் 12 அடிப்படை ஆசனங்கள், இடையிடையே சவாசனம் (மல்லாந்து படுத்து ஓய்வு), கூடவே பிராணாயாமம் (மூச்சுப் பயிற்சி). யின் வகுப்பில் தரையில் உட்கார்ந்தோ படுத்தோ ஒரே நிலையில் 3 முதல் 5 நிமிடம் இருப்பீர்கள். ‘ஹதம்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் நிதானமான வகுப்பு. ஆனாலும் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், கேட்டுவிட்டுச் சேருங்கள்.

என் யோசனை: முதல் 3 மாதம் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. ஓடும் வகுப்பு அதற்குப் பிறகு.

கேள்வி: எடை குறைய எந்த யோகா நல்லது?

பதில்: அஷ்டாங்கமும் வின்யாசமும் உடலை அதிகம் வேலை வாங்கும். ஆனால் எடை பெரும்பாலும் சாப்பாட்டில்தான் குறையும். அதற்காக மட்டும் வேகமான வகுப்பில் சேராதீர்கள்.

கேள்வி: நேராக அஷ்டாங்கத்தில் சேர்ந்தால் என்ன? எனக்கு உடல் பலம் இருக்கிறது.

பதில்: பலம் இருப்பவர்களுக்குத்தான் இதில் தோள் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் சூரிய நமஸ்காரம், அதில் ஏ, பி என்று இரண்டு வகை: ஏ 5 முறை, பி 3 முதல் 5 முறை. ஏ-யில் ஒரு சதுரங்க தண்டாசனம் (தண்டால் போல உடலைத் தரைப் பக்கம் இறக்கும் நிலை), பி-யில் மூன்று. நிற்கும் ஆசனங்களுக்கு வருவதற்குள்ளேயே 14 முதல் 20 சதுரங்கம் முடிந்துவிடும். வடிவம் தப்பாக இருந்தால் அதே தப்பு அத்தனை முறையும் தோளில் விழும்.

எங்கே தப்புகிறது? இறங்கும்போது முழங்கை வெளியே விரியும், தோள் முழங்கை மட்டத்துக்குக் கீழே போய்விடும். அப்போது பாரம் கை, மார்புத் தசைகளில் நிற்காமல் தோளின் முன்பக்கத்தில் உட்காரும். முட்டியைத் தரையில் வையுங்கள். முழங்கை விலாவை ஒட்டியபடி பாதி தூரம் மட்டும் இறங்குங்கள். தோள் முழங்கை உயரத்துக்கு வந்ததும் நின்றுவிடுங்கள். இது தடுமாறாமல் வந்த பிறகு முட்டியைத் தூக்கலாம்.

கேள்வி: வயிற்றுக் கொழுப்பு குறைய எந்தப் பாணி?

பதில்: இரண்டு கேள்விக்கு முன்னால் சொன்னதுதான்.

கேள்வி: ஐயங்கார் வகுப்பில் கட்டை, பெல்ட், நாற்காலி எல்லாம் தருகிறார்கள். இதெல்லாம் முடியாதவர்களுக்குத்தானே?

பதில்: இல்லை. பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனம் செய்து பாருங்கள். கால்களை மூன்று, மூன்றரை அடி அகட்டி, கையைத் தரையில் வைத்தே தீருவேன் என்று வளைந்தால், இடுப்பு பின்னால் தள்ளும், மார்பு தரையைப் பார்க்கும், முன்கால் முட்டி பின்பக்கம் இறுகும். கை தரையைத் தொட்டிருக்கும், ஆசனம் போயிருக்கும். முன்பாதத்தின் வெளிப்பக்கம் கட்டையை வைத்து அதில் கையை ஊன்றுங்கள். விலா இரண்டு பக்கமும் நீளும், மார்பு திரும்பும்.

கேள்வி (அதே நபர்): ஊன்றியே பழகினால் உடல் எப்போது தானாக நிற்கும்? சோம்பேறித்தனம் வந்துவிடாதா?

பதில்: கட்டையில் சாய்ந்து தொங்கினால் வரும். அதனால்தான் விரல் நுனி மட்டும் படட்டும் என்கிறோம், பாரம் கால்களில் இருக்க வேண்டும். வழக்கமான கட்டையை மூன்று விதமாக வைக்கலாம்: 9, 6, 4 அங்குல உயரம். 9-இல் தொடங்கி, மார்பு திரும்பியே இருந்தால் மட்டும் 6-க்கு இறங்குங்கள்.

கேள்வி (வேறொருவர்): நானும் அவர் கட்சிதான். பழைய காலத்தில் கட்டை ஏது?

பதில்: தியானத்துக்கு உட்கார விரிப்பும், கை ஊன்றத் தண்டும் அந்தக் காலத்திலேயே உண்டு. ஆனால் நான் கட்டையை ஆதரிப்பது அதற்காக இல்லை. தொடைப் பின்தசை இறுகியவர் கட்டை இல்லாமல் குனிந்தால் முதுகு வளைந்து இழுபடுகிறது, கட்டையோடு குனிந்தால் இடுப்பு மடிகிறது. உங்கள் உடம்பிலேயே இரண்டையும் செய்து பாருங்கள்.

கேள்வி: சிவானந்தா வகுப்பில் முதல் ஆசனமே சிரசாசனமாமே, பயமாக இருக்கிறது.

பதில்: 12-இல் முதலாவது அதுதான். புதியவர்கள் முன்கைகளை ஊன்றி, தலையைத் தரையில் வைக்காமல், இடுப்பைத் தூக்கிப் பழகினால் போதும். வீடியோ பார்த்துத் தனியாகத் தலைகீழாக நிற்காதீர்கள். ரத்த அழுத்தம், க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்), கழுத்துக் கோளாறு இருந்தால் தலைகீழ் ஆசனமே வேண்டாம்.

கேள்வி: சூடான அறையில் செய்யும் யோகா?

பதில்: பிக்ரம் வகுப்பு சுமார் 40 டிகிரி சூட்டில் 90 நிமிடம், 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள். சூட்டில் உடல் வழக்கத்தை விட அதிகம் வளையும், இழுப்பு எல்லை மீறியது அப்போது தெரியாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு டிஸ்க் விலகியிருக்கிறது. எந்த ஆசனம் செய்யலாம்?

பதில்: முதலில் மருத்துவர், பிறகு பிசியோதெரபிஸ்ட். எழுத்தில் கேட்டு நான் ஆசனம் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எடை குறைய கபாலபாதி தினமும் 500 முறை போதுமா மாஸ்டர்?

பதில்: எடைக்குப் பதில் மேலே இருக்கிறது. கபாலபாதி என்பது மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி, 500 எல்லாம் வேண்டாம். 20 முறை, சற்று ஓய்வு, இப்படி 3 சுற்று. வெறும் வயிற்றில் மட்டும். ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் இருந்தால் அதுவும் கூடாது. தலை சுற்றினால் உடனே நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

கேள்வி: வகுப்பில் சேர்ந்த பிறகு அது எனக்குச் சரிதானா என்று எப்படித் தெரியும்?

பதில்: ஆசனத்தில் இருக்கும்போது மூக்கு வழியாகச் சீராக மூச்சு விட முடிகிறதா என்று கவனியுங்கள். வாய் திறந்து இரைத்தால் வேகம் அதிகம். ஆசிரியர் தன் பாயிலேயே செய்து காட்டிக்கொண்டிருந்து ஒரு முறைகூட உங்கள் பக்கம் வந்து பார்க்கவில்லையென்றால், எந்தப் பாணியாக இருந்தாலும் வேறு வகுப்பு தேடுங்கள்.